தானே வேலையை விட்டால் உதவித்தொகை கிடையாதா? விதியை வகுத்த வில்லியம் பெவரிட்ஜின் கதை

பிரிட்டனில் வேலை இல்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் விண்ணப்பித்த உடனே பணம் வந்துவிடாது. பழைய வேலை எப்படிப் போச்சு என்று கேட்பார்கள். நிறுவனம் ஆட்குறைப்பு செய்ததா? நீங்களே ராஜினாமா செய்தீர்களா? தவறு செய்ததால் டிஸ்மிஸ் செய்தார்களா?

முதல் பதில் என்றால் சிக்கல் இல்லை. மற்ற இரண்டில் ஒன்று என்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பல வாரங்களுக்குப் பணம் நிறுத்தப்படும்.

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1911-இல் இது சட்டமானபோது பின்னால் இருந்த அதிகாரிகளில் முக்கியமானவர் வில்லியம் பெவரிட்ஜ். பின்னாளில் பிரிட்டனின் மக்கள்நல அரசுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவரும் இவர்தான். வேலையின்மை தனிமனிதரின் குற்றம் இல்லை என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டவர், வேலையை விட்டவரிடம் மட்டும் ஏன் காரணம் கேட்டார்?

ரங்பூரில் பிறந்தவர்

பெவரிட்ஜ் பிறந்தது 1879 மார்ச் 5 அன்று, வங்காளத்தின் ரங்பூரில். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா ஹென்றி, இந்திய சிவில் சர்வீஸில் நீதிபதி. அக்பர்நாமாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அம்மா அன்னெட், பெண்களுக்குப் பள்ளி நடத்தக் கல்கத்தாவுக்கு வந்தவர். பாபர்நாமாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்.

பெவரிட்ஜ் படித்தது ஆக்ஸ்ஃபோர்டில். வழக்கறிஞராகி நன்றாகச் சம்பாதிப்பார் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவரோ 1903-இல் கிழக்கு லண்டனின் ஏழைகள் பகுதியில் இருந்த டாய்ன்பீ ஹால் என்ற சமூக சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

துறைமுக வாசலில் கிடைத்த பாடம்

அங்கேதான் வேலையின்மையைக் கண்ணெதிரே பார்த்தார். லண்டன் துறைமுகத்தின் ஒவ்வொரு வாசலிலும் காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து சிலரைக் கைகாட்டி உள்ளே கூப்பிடுவார். மற்றவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். மறுநாளும் அதே கதை.

இவர்கள் சோம்பேறிகள், குடிகாரர்கள், அதனால்தான் வேலை இல்லை என்பது அன்றைய பொதுப்புத்தி. பெவரிட்ஜ் வேறு கணக்குப் போட்டார். ஒவ்வொரு வாசலும் தன் அவசரத் தேவைக்காகத் தனியாக ஒரு கூட்டத்தைக் காத்திருக்க வைக்கிறது. எல்லா வாசலுக்கும் சேர்த்துப் பார்த்தால் தேவையைவிட ஆட்கள் எப்போதும் அதிகம். அப்படியென்றால் கோளாறு ஆளிடம் இல்லை. ஆள் எடுக்கும் முறையில் இருக்கிறது. 1909-இல் வெளியான அவரது புத்தகம், வேலையின்மையைத் தொழில்துறையின் பிரச்சினை என்று தலைப்பிலேயே சொன்னது.

ஆனால் இந்தக் கதையில் கருப்புப் பக்கமும் உண்டு. வேலைக்கே லாயக்கில்லாதவர்கள் என்று ஒரு பிரிவினர் இருப்பதாகவும் அதே பெவரிட்ஜ் நம்பினார். அவர்களை அரசு பராமரிக்கலாம், ஆனால் ஓட்டுரிமையும் பிள்ளை பெறும் உரிமையும்கூட அவர்களுக்கு இருக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் எழுதினார். தகுதியானவர், தகுதியற்றவர் என்று பிரிக்கும் அந்தப் பார்வையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சர்ச்சில் கேட்ட கேள்வி

1908-இல் பெவரிட்ஜ் அரசின் வணிக வாரியத்தில் சேர்ந்தார். அப்போது அதன் அமைச்சர், வேறு காரணங்களுக்காக நாம் மறக்காத வின்ஸ்டன் சர்ச்சில். பெவரிட்ஜ் ஏற்கனவே 1907-இல் ஜெர்மனிக்குப் போய் அங்கே செயல்படும் முறையைப் பார்த்து வந்திருந்தார். அவரது யோசனைப்படி வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1910 பிப்ரவரியில் திறந்தன. வாசல் வாசலாக அலைய வேண்டாம். காலி இடமும் ஆளும் ஒரே இடத்தில் சந்திக்கட்டும் என்பதுதான் திட்டம்.

அடுத்தது காப்பீடு. தொழிலாளியும் முதலாளியும் வாரம்தோறும் பணம் கட்டுவார்கள், அரசும் கொஞ்சம் போடும், வேலை போனால் அந்த நிதியிலிருந்து உதவித்தொகை. சரி, குடித்துவிட்டு வந்ததால் வேலை போனவருக்கும் கொடுப்பதா?

அதிகாரிகள் கூடாது என்றார்கள். சர்ச்சிலுக்கு அதில் உடன்பாடில்லை. பணம் கட்டியவருக்கு உரிமை இருக்கிறது. வேலை எப்படிப் போனது என்பது வேறு விஷயம் என்பது அவர் வாதம். அடிக்கடி வேலையை இழப்பவரின் சந்தாக் கணக்கு தானாகவே தீர்ந்துவிடும், அதுவே போதுமான கட்டுப்பாடு. கணக்கோடு ஒழுக்கத்தைக் கலக்க வேண்டாம் என்று 1909-இல் அவர் குறிப்பு எழுதினார்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருந்தது. தீ விபத்துக்குக் காப்பீடு செய்யலாம். வீட்டுக்குத் தானே தீ வைப்பவருக்குப் பணம் கொடுத்தால் நிதி தாங்காது. மற்ற தொழிலாளிகள் கட்டிய பணமும் அதில்தானே இருக்கிறது? கடைசியில் இந்தத் தரப்புதான் ஜெயித்தது.

1911 சட்டம் சொன்னது என்ன?

தேசியக் காப்பீட்டுச் சட்டம் கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற துறைகளில் சுமார் 22.5 லட்சம் தொழிலாளர்களுக்குப் பொருந்தியது. தொழிலாளி வாரம் இரண்டரை பென்ஸ், முதலாளி இரண்டரை பென்ஸ். 1913 ஜனவரியில் உதவித்தொகை தொடங்கியது: வாரம் 7 ஷில்லிங், ஓராண்டில் அதிகபட்சம் 15 வாரம்.

தகுந்த காரணமின்றித் தானே வேலையை விட்டவருக்கும், நடத்தைக் கேட்டால் வேலை இழந்தவருக்கும் ஆறு வாரம் பணம் கிடையாது. அன்றைய தொழிலாளி வீட்டில் ஆறு வாரம் என்பது வாடகை பாக்கி, அடகுக் கடை, பசி.

ஆனால் சட்டம் முதலாளி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். பணம் மறுக்கப்பட்டால் அப்பீல் போகலாம். அதை விசாரிக்கும் குழுவில் முதலாளி தரப்பில் ஒருவர், தொழிலாளி தரப்பில் ஒருவர், நடுவே ஒரு தலைவர். அதற்கும் மேலே ஒரு நடுவர். வேலையை விட்டதற்குத் தகுந்த காரணம் எது என்பது இப்படி வழக்கு வழக்காகத்தான் உருவானது. வேலைநிறுத்தம் நடக்கும் இடத்தில் காலியான வேலையையோ, வழக்கத்தைவிடக் குறைந்த கூலிக்கு வரும் வேலையையோ மறுத்தால் தண்டனை இல்லை என்பதையும் சட்டமே சொன்னது.

வீட்டுக்குள் வந்த சோதனை

முதல் உலகப் போருக்குப் பிறகு திட்டம் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு விரிந்தது. கூடவே வேலையின்மையும் பெருகியது, நிதி திணறியது. 1920-களில் உண்மையிலேயே வேலை தேடினேன் என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும் என்றார்கள். வேலையே இல்லாத ஊரிலும் வாசல் வாசலாக ஏறி இறங்கியதாகக் காட்ட வேண்டும். அந்த விதியால் லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின.

1931-இல் வருமானச் சோதனை வந்தது. அதிகாரிகள் வீட்டுக்கே வந்து மகன் என்ன சம்பாதிக்கிறான், வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அந்த அவமானம் ஒரு தலைமுறையின் மனதில் தழும்பாக நின்றது.

இந்தக் காலத்தில் பெவரிட்ஜ் அமைச்சகத்தில் இல்லை. 1919 முதல் 1937 வரை லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் இயக்குநர். நிறுவனத்தைப் பெரிதாக வளர்த்தார். பேராசிரியர்களோடு மோதவும் செய்தார். 1934 முதல் வேலையின்மைக் காப்பீட்டு நிதியைக் கண்காணிக்கும் குழுவுக்கும் தலைவர்.

ஓரங்கட்டப்பட்டவர் எழுதிய அறிக்கை

இரண்டாம் உலகப் போர் வந்ததும் தொழிலாளர் அமைச்சகத்தில் பெரிய பொறுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டார் பெவரிட்ஜ். அமைச்சர் எர்னஸ்ட் பெவினுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1941-இல் சமூகக் காப்பீட்டுத் திட்டங்களைச் சரிபார்க்கும் ஒரு குழுவுக்குத் தலைவராக அனுப்பிவிட்டார்கள். பேருக்குப் புதுப் பொறுப்பு, நிஜத்தில் வெளியேற்றம். அந்தச் செய்தியைக் கேட்டபோது அவர் கண் கலங்கியதாகச் சொல்வார்கள்.

யாரும் பெரிதாக எதிர்பார்க்காத அந்தக் குழுவிலிருந்துதான் 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை ஆகிய ஐந்து பூதங்களை ஒழிக்க வேண்டும் என்றது. அதை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். சுருக்கப் பதிப்பையும் சேர்த்து ஆறு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

வேலை இல்லாத காலம் முழுவதும் உதவித்தொகை, வீட்டுக்குள் வந்து சோதனை கிடையாது, பணம் கட்டியவருக்கு அது உரிமை: இதுதான் அறிக்கையின் சாரம். ஆனால் ராஜினாமா, டிஸ்மிஸ் விதியை அவர் எடுக்கவில்லை. அப்படிக் காப்பீட்டை இழந்தவர்களும் பட்டினி கிடக்கக் கூடாது என்று தனியாக ஓர் அடிப்படை உதவியைப் பரிந்துரைத்தார். அது வருமானச் சோதனையோடு வரும். காப்பீட்டைவிடச் சற்றுக் கீழானதாகவே தெரிய வேண்டும் என்றும் சொன்னார். துறைமுக வாசலில் கற்ற பாடமும் இளவயதின் பழைய சந்தேகமும் அந்த அறிக்கைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

1944-இல் லிபரல் கட்சி எம்.பி. ஆனார். அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார். அவர் திட்டத்தை நிறைவேற்றியது லேபர் கட்சி அரசு. புதிய முறை 1948 ஜூலை 5-இல் அமலுக்கு வந்தது. ஆனால் உதவித்தொகைக்கு அவர் கேட்ட வரம்பற்ற காலம் கிடைக்கவில்லை. 1963 மார்ச் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

அந்த ஆறு வாரம் இப்போது?

அவர் இறந்த பிறகு தண்டனை கூடத்தான் செய்தது. 1986-இல் 13 வாரம், 1988-இல் 26 வாரம். 2012 சீர்திருத்தத்துக்குப் பிறகு, மீண்டும் மீண்டும் தவறினால் மூன்று ஆண்டு வரை நிறுத்தலாம் என்றார்கள். 2019-இல் அந்த மூன்றாண்டு தண்டனை கைவிடப்பட்டது. இன்று நல்ல காரணமின்றி வேலையை விட்டால் முதல் முறை பொதுவாக 91 நாள் நிறுத்தம். அப்பீல் வழி இன்றும் இருக்கிறது.

இந்தியாவிலும் இதன் சாயல் உண்டு. 1948-இல் வந்த நம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் வேலையின்மைக்கு உதவித்தொகை இருக்கவில்லை. 2018-இல் ஈ.எஸ்.ஐ. கழகம் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் வேலை போனவருக்கு அதிகபட்சம் 90 நாளுக்கு நிவாரணம் வந்தது. நடத்தைக் கேட்டுக்காக நீக்கப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் அது கிடையாது. பி.எஃப். கதை வேறு. அது நீங்கள் சேர்த்த பணம். எப்படி வெளியே வந்தாலும் உங்களுடையது.

சிக்கல் எங்கே என்றால், ராஜினாமாவுக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே உள்ள கோடு காகிதத்தில் தெளிவாக இருக்கும், வாழ்க்கையில் இருக்காது. ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும் என்று சொல்லி வாங்கும் கடிதமும் ராஜினாமாதான். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு எந்த அலுவலகத்திலும் அந்த ஒரு வரிதான் பேசும். உண்மைக் காரணத்தை மெயிலில் பதிவு செய்வதும், சம்பள பாக்கியோ தொல்லையோ இருந்தால் அதற்கு ஆதாரம் வைத்துக்கொள்வதும் அதனால்தான் முக்கியம்.

1941-இல் பெவரிட்ஜ் தானாக விலகினாரா, வெளியே தள்ளப்பட்டாரா? அரசு ஆவணத்தில் அது ஒரு நியமனம். அவருக்குத் தெரிந்த கதை வேறு.