புக்குஸாவா யூகிச்சி

இருநூறாண்டுகளுக்கு மேல் அந்நியருக்குக் கதவடைத்திருந்த ஜப்பானில், 1835ஆம் ஆண்டு ஒஸாகா நகரில் புக்குஸாவா யூகிச்சி பிறந்தார். தந்தையார் நகட்சுப் பிரபுவின் ஊழியர். கற்றறிந்தவராயினும், தாழ்ந்த நிலைச் சாமுராய்க் குடியிற் பிறந்தமையால் பிரபுவின் கணக்கைப் பார்த்தே ஆயுளைக் கழித்தார். எளியோன் மகனும் உயரத்தக்க இடம் அந்நாளில் பௌத்த மடம் ஒன்றே. ஆகவே மகனைப் பிக்குவாக்க எண்ணியிருந்தார். இதனை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும்.

மைந்தரோ டச்சு மொழி கற்றார். 1859இல், அந்நியருக்குத் திறக்கப்பட்ட யோகொஹாமாத் துறைமுகத்திற்குச் சென்றபோது, அங்கே ஆங்கிலமே பெரிதும் வழங்கக் கண்டு திகைத்தார். பின்னர் மனந்தளராது, அகராதியைத் துணைக்கொண்டு ஆங்கிலம் பயின்றார். ஆலை வேலை முடித்து இரவில் எழுத்துக் கூட்டிய நம்மனோர் அவ்வுழைப்பை அறிவர்.

1860இல் அமெரிக்கா சென்றவர், வாஷிங்டனின் வழித்தோன்றல்கள் எங்குளர் என வினவினார். அங்கே அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை! பிறப்பே ஆளும் நாட்டினின்று சென்றவருக்கு இயந்திரங்களினும் இதுவே பெருவியப்பாயிற்று.

1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. 1872 முதல் அவர் வெளியிட்ட நூல், மக்களை வேறுபடுத்துவது பிறப்பன்று, கல்வியே என நாடெங்கும் உணர்த்திற்று. புதிய அரசாங்கத்தில் அவர் பதவி ஏற்கவில்லை. எனினும் 1894இல் சீனத்துடன் மூண்ட போரை ஆதரித்து நிதி திரட்டினாரே, அதனை நாம் போற்றோம்.

1901இல் டோக்கியோவில் காலமானார். அவர் கல்லறை அந்நகரின் ஜென்புகுஜி என்னும் பௌத்த ஆலயத்தில் உளது.