ஆசிரியர் சொல்லுக்குச் செவி சாய்த்த அம்மையார்



பத்து வயது வரை பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத ஒரு பெண், பிற்காலத்தில் ஒரு மாநகரத்தின் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை ஏற்றார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் எல்லா பிளாக் யங் அம்மையார்.

அமெரிக்காவில் பபலோ நகரில் 1845ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை தகரவேலை செய்யும் தொழிலாளி. பிள்ளைக்கு உடம்பு அடிக்கடி சரியில்லாமல் போனதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிறுமி தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். 1858இல் குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தது.

ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது தாயாருக்கு மனமில்லை. சின்னப் பிள்ளைகளோடு பழகியறியாத மகள் எப்படிப் பாடம் நடத்துவாள் என்று கவலைப்பட்டார். மகள் கோபித்துக்கொள்ளவில்லை. வகுப்பறைகளுக்குப் போய் உட்கார்ந்து, தனக்கு இந்த வேலை ஒத்து வருமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தார். 1862இல், 17 வயதில், ஆசிரியை ஆனார். 1868இல் திருமணம் நடந்தது. சில ஆண்டுகளிலேயே கணவர் காலமானார். அதன்பின் பள்ளிக்கூடமே அவருக்குக் குடும்பம்.

படிப்படியாக உயர்ந்து 1887இல் உதவி சூப்பரின்டெண்டண்ட் ஆனார். அதாவது ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் அதிகாரி. பெரிய பதவி, நல்ல சம்பளம். ஆனால் ஆசிரியர்களை ஒரு வார்த்தை கேட்காமல், மேலிருந்து கட்டளை மட்டும் வருகிற போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. 1899இல் வேலையை உதறிவிட்டார்.

உதறிவிட்டுச் சும்மா இருந்தாரா? இல்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கல்வி அறிஞர் ஜான் டூயியிடம் பாடம் கேட்டு, 1900இல், 55 வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். சொன்னதைச் செய்யும் இயந்திரமாக ஆசிரியரை ஆக்கிவிட்டால், பிள்ளையும் சிந்திக்கக் கற்காது என்பதே அவருடைய ஆய்வின் சாரம்.

1909இல் அவரையே சிக்காகோ பள்ளிகளின் சூப்பரின்டெண்டண்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம் அது! அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றில் அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே. மறு ஆண்டு தேசியக் கல்விச் சங்கத்துக்கும் முதல் பெண் தலைவரானார். பாடத்திட்டம் பற்றி ஆசிரியர்களே கூடிப் பேசி யோசனை சொல்ல மன்றங்கள் அமைத்தார். கைத்தொழிற் கல்வியை வளர்த்தார்.

எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? 1913 டிசம்பரில் கல்வி வாரியத்தார் அவரை ஒதுக்கிவிட்டு வேறொருவரை நியமித்தனர். ஊரே கொதித்தது. பெண்கள் திரண்டு கூட்டம் போட்டார்கள். நகர மேயர் வாரிய உறுப்பினர் சிலரை மாற்றினார். அம்மையார் அதே மாதத்தில் மீண்டும் பதவிக்கு வந்தார்.

1915இல் ஆசிரியர்கள் தொழிற்சங்கத்தோடு தொடர்புள்ள அமைப்பில் சேரக்கூடாது என்று வாரியம் விதி போட்டது. அந்த ஆண்டு முடிவில், 70ஆம் வயதில், அவர் ஓய்வு பெற்றார். பின்னர் முதல் உலகப் போர்க்காலப் பொதுப்பணியில் ஈடுபட்டிருந்தபோது, அன்று உலகையே உலுக்கிய இன்புளுவென்சா நோய்க்கு 1918 அக்டோபர் 26ஆம் நாள் பலியானார்.

அவர் அமைத்த ஆசிரியர் மன்றங்களை 1920களில் வந்த மேலதிகாரி கலைத்துவிட்டார். நல்ல காரியம் ஒருமுறை செய்தால் போதாது, காப்பாற்றவும் ஆள் வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளே, வாழ்த்துகள்! பரிசு கிடைக்காத பிள்ளைகளே, நீங்களும் மனம் தளர வேண்டாம். பள்ளிக்குப் பிந்தி வந்தவர்தான் எல்லாரையும் முந்திப் போனார். பெற்றோர்களே, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். பள்ளிக்கு வாருங்கள், ஆசிரியரிடம் பேசுங்கள். அன்று சிக்காகோ மக்கள் வாய் திறந்ததால்தான் நல்ல தலைவி ஒருவர் திரும்பி வந்தார்.