களத்து நெல்லுக்கு விடுதலை தந்த திவான்

புதுக்கோட்டை நகருக்கு முதன்முதலாக வருகிறவர்கள் அதன் வீதிகளைக் கண்டு வியப்படைவது வழக்கம். பழைய ஊர்களில் காணப்படும் கோணல் சந்துகள் இங்கே குறைவு. கயிறு பிடித்துக் கோடு போட்டாற்போல நேர் வீதிகள், அவற்றை நேராக வெட்டிச் செல்லும் குறுக்கு வீதிகள், ஊருக்குள்ளேயே குளங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெருந்தீ ஊரை விழுங்கிய பிறகு இந்த ஒழுங்கில் நகரம் எழும்பியது. ஆனால் எழும்பிய நகரம் கவனிப்பார் இல்லாமல் சீர்குலைந்தபோது, அதைக் கைதூக்கி நிறுத்தியவர் ஒரு திவான். அவர்தாம் சர் அமராவதி சேஷையா சாஸ்திரியார். நகரத்தை மட்டுமல்ல, அதைச் சூழ்ந்திருந்த சமஸ்தானத்தையே அவர் புதிதாகச் செய்து கொடுத்தார் எனலாம்.

ஏழைச் சிறுவன்

தஞ்சை ஜில்லாவில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அமராவதி என்னும் சிற்றூரில் 1828-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி சேஷையா பிறந்தார். குடும்பம் வறுமைப்பட்டது. சிறு வயதிலேயே உறவினர் ஒருவருடைய ஆதரவில் சென்னைக்குச் சென்று படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அக்காலத்தில் சென்னையில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த உயர்தரப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர் பவுல் என்ற ஆங்கிலேயர். பின்னாளில் ராஜதானிக் கல்லூரியாக வளர்ந்தது இப்பள்ளிதான். பவுல் துரையின் முதல் தலைமுறை மாணாக்கர்களில் பலர் பெரும் பதவிகளை வகித்தார்கள். திருவிதாங்கூருக்கும் இந்தூருக்கும் பரோடாவுக்கும் திவானாக விளங்கிய டி. மாதவராவ் அவர்களில் ஒருவர், சேஷையா மற்றொருவர்.

சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857-ல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1848-ல், சேஷையா அப்பள்ளியின் உயர்ந்த தேர்வில் சிறப்பாகத் தேறினார். பிறகு ரெவினியூ இலாகாவில் சேர்ந்தார். மசூலிப்பட்டணத்தில் தாசில்தாராக இருந்து படிப்படியாக உயர்ந்து, சென்னை ரெவினியூ போர்டின் தலைமை சிரஸ்தார் ஆனார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய கைகளில் புரண்டவை கிராமக் கணக்குகள். அவர் காதில் விழுந்தவை குடியானவர்களின் முறையீடுகள். புத்தகம் படித்து வந்த அறிவோடு, வரப்பில் நின்று பெற்ற அறிவும் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டாவது அறிவுதான் பின்னால் புதுக்கோட்டைக்குப் பயன்பட்டது.

பெரிய சமஸ்தானத்திலிருந்து சிறிய சமஸ்தானத்துக்கு

1872-ல் திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாள் அவரைத் திவானாக நியமித்தார். பள்ளித் தோழர் மாதவராவ் வகித்த அதே பதவி. 1877 வரை ஐந்து ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். திருவிதாங்கூரின் முதல் முறையான குடிமதிப்பு 1875-ம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய நிர்வாகத்தில்தான் எடுக்கப்பட்டது. ஜனத்தொகை 23 லட்சம் என்று தெரியவந்தது. ஒரு நாட்டைச் சீர்திருத்த விரும்புகிறவர் முதலில் அதை எண்ணியும் அளந்தும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய போக்கு.

அங்கிருந்து விலகிய மறு ஆண்டிலேயே, 1878-ல், ஐம்பது வயதான சாஸ்திரியார் புதுக்கோட்டைக்கு வந்தார். திருவிதாங்கூரோடு ஒப்பிட்டால் புதுக்கோட்டை மிகச் சிறியது. பரப்பளவு 1,200 சதுர மைலுக்கும் குறைவு. திருச்சியிலிருந்து மாட்டு வண்டியில் வரவேண்டிய ஊர். வற்றாத ஆறு கிடையாது. வானம் பார்த்த பூமி; மழைநீரைத் தேக்கும் கண்மாய்களும் ஏரிகளும்தாம் குடிகளின் உயிர்.

அவர் வந்த வேளையோ மிகவும் மோசமானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தது. 1871-ல் சுமார் 3,16,000 ஆக இருந்த சமஸ்தானத்தின் ஜனத்தொகை, 1881-ல் சுமார் 3,02,000 ஆகக் குறைந்திருந்தது. அரியணையில் இருந்தவர் ராமச்சந்திர தொண்டைமான். 1839-ல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர். தாராள மனமும் அதைவிடத் தாராளமான கையும் உடையவர். கடன் ஏறிக்கொண்டே போயிற்று. செலவைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஆங்கில அரசாங்கம் அவருடைய மரியாதைப் பட்டத்தைப் பறிக்கும் அளவுக்குப் போயிருந்தது. அந்த நாளில், நிர்வாகம் சரியில்லை என்று காரணம் காட்டி ஒரு சமஸ்தானத்தின் அதிகாரத்தைப் பறிப்பது ஆங்கிலேயருக்குப் பெரிய காரியமல்ல. புதுக்கோட்டை நிலைக்குமா என்ற கேள்வி வெறும் பேச்சாக இல்லை.

அமானி என்னும் நோய்

புதிய திவான் கணக்குகளைப் புரட்டினார். நோயின் வேர் எங்கே என்று அவருக்குப் புலப்பட்டது. அதன் பெயர் அமானி.

சமஸ்தானத்து நஞ்சை நிலங்களில் கணிசமான பகுதிக்குப் பணத்தீர்வை கிடையாது. கூலியும் ஊழியர்களின் சுதந்திரங்களும் போக, விளைச்சலில் பாதி சர்க்காருக்கு, பாதி குடியானவனுக்கு. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். விளைந்தால் இருவருக்கும் லாபம். காய்ந்தால் இருவருக்கும் நஷ்டம். ஆனால் நடைமுறை வேறு விதமாக இருந்தது.

பயிர் தலை சாய்ந்ததும் அதைக் காக்கச் சர்க்கார் ஆள் வந்துவிடுவான். அறுவடைக்கு உத்தரவு வர வேண்டும். உத்தரவு வருவதற்குள் கதிர் முற்றி உதிரும். களத்தில் பொலி தூற்றி அம்பாரம் கட்டினால், அதன்மேல் முத்திரை விழும். பங்கு பிரிக்கும் அதிகாரி வருகிறவரை, தான் விதைத்து, தான் இறைத்து, தான் அறுத்த நெல்லிலிருந்து ஒரு படி எடுத்துப் பொங்கிச் சாப்பிடக் குடியானவனுக்கு உரிமையில்லை. அதிகாரி வருவதற்குள் மழை வந்துவிட்டால் நெல் முளைத்துப் போகும். அதிகாரியின் மனம் குளிர வேண்டுமானால் கை நனைய வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு சர்க்கார் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும் நெல்லிலும் கசிவு. விற்கும் விலையிலும் கசிவு. குடியானவனும் பட்டினி, கஜானாவும் காலி. நடுவில் இருந்தவர்கள்தாம் கொழுத்தார்கள்.

சாஸ்திரியார் அமானியை ஒழித்தார். முந்திய ஆண்டுகளின் விளைச்சலையும் நெல் விலையையும் சராசரி பார்த்து, நிலத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று தீர்வை விதித்தார். அதைச் செலுத்திவிட்டால், களத்து நெல் முழுவதும் குடியானவனுடையது. எப்போது அறுப்பது, எங்கே விற்பது, எவ்வளவு பத்தாயத்தில் போடுவது என்பதெல்லாம் அவன் இஷ்டம். முத்திரைக்காரனும் இல்லை, காவல்காரனும் இல்லை.

இந்த மாறுதலில் ஒரு கஷ்டமும் இருந்தது. வாரமுறையில், மழை பொய்த்தால் சர்க்காரின் பங்கும் குறையும். பணத்தீர்வையோ அப்படித் தானாகக் குறைவதில்லை. ஆகவே குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் இந்தச் சீர்திருத்தம் குடியானவனுக்கு வரமாகும், இல்லாவிட்டால் சுமையாகும்.

குளமும் வீதியும் கல்லூரியும்

கைக்குப் பணம் வரத் தொடங்கியதும் தலைநகரின் முகம் மாறியது. தூர்ந்து கிடந்த பல்லவன்குளம், புதுக்குளம் முதலிய குளங்கள் துப்புரவாக்கப்பட்டன. வீதிகளும் சாலைகளும் செப்பனிடப்பட்டன. சமஸ்தான அலுவல்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவரக் கம்பீரமான பொது ஆபீஸ் கட்டிடம் எழுந்தது. 1880-ல் கல்லூரி ஏற்பட்டது. 1884-ல் தபால் நிலையமும் தந்தி நிலையமும் திறக்கப்பட்டன. கோயில் திருப்பணிகளும் மறக்கப்படவில்லை. தொண்டைமான்களின் குலதெய்வம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். 1881-ல் சாஸ்திரியாரின் யோசனைப்படி ராஜா பிரகதாம்பா தாஸ் என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அம்பாளின் உருவம் பொறித்த அம்மன் காசு என்ற சிறு செப்புக்காசு சமஸ்தானத்தில் செலாவணியில் இருந்தது. நவராத்திரியில் அரிசியோடு அதையும் தானமாக வழங்குவார்கள். ஓர் அணாவுக்கு இருபது காசு. அம்மன் சல்லி என்று மக்கள் நாவில் இன்றும் அது வாழ்கிறது.

அரசனில்லாத எட்டு ஆண்டுகள்

1886-ம் ஆண்டு ஏப்ரலில் ராமச்சந்திர தொண்டைமான் காலமானார். அவர் சுவீகாரம் எடுத்திருந்த மகள் வயிற்றுப் பேரன் மார்த்தாண்ட பைரவருக்கு அப்போது வயது பத்து. சாஸ்திரியார் திவான் ரீஜண்ட் ஆனார். எட்டு ஆண்டுகள் ராஜாங்கப் பொறுப்பு முழுவதும் அவருடைய தோள்மேல்.

அடுத்து அவர் கை வைத்தது இனாம் நிலங்களில். கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் பிராமணர்களுக்கும் போக, படைச் சேவகத்துக்காக அமரக்காரர்களுக்கும் பழைய அரசர்கள் ஏராளமான நிலங்களை விட்டிருந்தார்கள். போர்கள் நின்று பல காலமாகிவிட்டன. சேவகம் பெயரளவில்தான் இருந்தது. 1888-ல் நடந்த இனாம் செட்டில்மெண்டின்படி, சேவக நிலங்கள் ஒரு குறைந்த வரிக்கு உட்பட்டு, அனுபவித்தவர்களுக்கே சொந்தமாயின. வாளேந்திய குடி வரி செலுத்தும் குடியாயிற்று.

1887-ல் ஆங்கில அரசாங்கத்தோடு ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, சமஸ்தானத்தில் உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் கஜானாவுக்கு வந்தது. கஜானாவுக்கு அது லாபம். உப்புக் காய்ச்சிப் பிழைத்த கைகளுக்கோ வேலை போயிற்று. சாஸ்திரியாரின் ஆட்சியை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்கத்தான் வேண்டும். பிரஜைகளுக்காக உழைத்தார், ஆனால் பிரஜைகளைச் சபை கூட்டி யோசனை கேட்கவில்லை. புதுக்கோட்டையில் பிரதிநிதி சபை ஏற்பட்டது அவர் போன பிறகு, 1902-ல்தான்.

1891-ல் குடிமதிப்பு எடுத்தபோது ஜனத்தொகை சுமார் 3,73,000. பத்து ஆண்டுகளில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பஞ்சத்தில் இளைத்த நாடு தேறிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு

1894-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி மார்த்தாண்ட பைரவர் முழு அதிகாரம் பெற்றார். அவ்வாண்டோடு சாஸ்திரியார் விடைபெற்றுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். சர் பட்டமும் அவரைத் தேடி வந்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை, அவர் உயிரோடிருக்கும்போதே, புதுக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியர் பி. வி. காமேசுவர ஐயர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1903-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி, எழுபத்தைந்தாவது வயதில் சாஸ்திரியார் மறைந்தார்.

மார்த்தாண்ட பைரவர் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவரை மணந்துகொண்டு, பின்னர் வெளிநாட்டிலேயே தங்கி, 1928-ல் பாரிஸில் காலமானார். அரசர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் சமஸ்தான நிர்வாகம் தடுமாறவில்லை. அரசரின் கை தாராளத்தை நம்பியிராமல், கணக்கையும் சட்டத்தையும் நம்பி நடக்கும் ஒரு நிர்வாகத்தைச் சாஸ்திரியார் அதற்குள் பழக்கிவிட்டிருந்தார். அவர் காலத்தில் ஏற்பட்ட கல்லூரியில்தான், அவர் மறைந்த சில காலத்துக்குள், பலருடைய எதிர்ப்பையும் மீறி முத்துலட்சுமி என்ற பெண் சேர்ந்து படித்தார். அவர்தாம் நாடறிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1948-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974-ல் தனி மாவட்டமாயிற்று. திவான்களும் போனார்கள், ராஜாக்களும் போனார்கள். ஆனால் அறுத்த நெல்லை யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வீட்டுக்குக் கொண்டு போகும் உரிமை, அந்த மண்ணின் உழவனிடம் நிலைத்துவிட்டது.