விழியிழந்தவர் கண்ட பகா எண்

214,74,83,647 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கணிதம் பயிலும் எனக்கு லியோனார்டு ஆய்லரின் முதுமைக் காலம் நினைவுக்கு வருகிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த அவர், இருபதாம் வயதில் ருஷ்ய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியேற்றார். முப்பது வயதையொட்டி வலக்கண் பார்வை போயிற்று. பின்னர் 25 ஆண்டுகள் பெர்லினில் பணி. 1766இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பியதும் இடக்கண்ணில் புரை வளர்ந்தது. 1771இல் செய்த அறுவைச் சிகிச்சை சில நாள் ஒளி தந்து, பிறகு அதையும் பறித்துக்கொண்டது. அதே ஆண்டில் அவர் வீடும் தீப்பற்றியது. பீட்டர் கிரிம் என்ற கைவினைஞர் உள்ளே பாய்ந்து அவரைத் தோளில் சுமந்து வந்திராவிட்டால், நான் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

ஏனெனில் அடுத்த ஆண்டில்தான், பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில், இவ்வெண் பகா எண் என்று ஆய்லர் அறிவித்தார்.

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இவ்வெண். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு, நிரூபணம்தான் இல்லை. நிரூபிக்க வேண்டுமானால், வர்க்கமூலமாகிய 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். கண்ணில்லாதவர் என்ன செய்வார்?

வகுக்கத் தொடங்குமுன் சிந்தித்தார். இதற்குப் பகாக் காரணி ஒன்று இருக்குமானால், அதை 62ஆல் வகுத்தால் 1 மிஞ்ச வேண்டும்; 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். இரண்டையும் இணைத்தால், 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மிஞ்சும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவற்றுள் பகா எண்கள் நூறுகூட இல்லை! நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். முதலில் வருவது 311; மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. இடையில் சோதிக்க வேண்டியது ஒன்றுகூட இல்லை. ஆய்லர் நெடுங்கணக்குகளை மனத்திலேயே போடுவார் என்று பலரும் வியப்பார்கள். போடத் தேவையில்லாத கணக்குகளை அவர் ஒதுக்கிய விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இவ்வெண்ணை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் ஒன்று கிடைக்கும். அதாவது, 6க்கு 1, 2, 3 போல, தன்னிற் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகை தானேயாகும் எண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் பார்லோ எழுதினார். 1876இல் லூகாஸ் 39 இலக்கப் பகா எண்ணையே நிறுவிவிட்டார். அதுவும் ஒரு நிறைவெண்ணைத் தருவதே. 32 பிட் கணிப்பொறிகளிலோ, குறியுடன் எழுதக்கூடிய முழு எண்களுள் மிகப் பெரியது ஆய்லரின் இதே எண்தான்.

1783 செப்டம்பர் 18 அன்று, இரண்டாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி உடனிருந்தோருடன் பேசிக்கொண்டிருந்தார் ஆய்லர். அன்றே மூளையில் இரத்தம் கசிந்து உயிர் நீத்தார். வயது 76.