மொட்டை டயரும் மதுரை பஸ் முதலாளியும்!

உங்கள் பைக்கை நிறுத்திவிட்டு பின்பக்கம் போய் உட்கார்ந்து டயரை ஒருமுறை பாருங்கள். மூக்கண்டப்பள்ளி, சிப்காட், ஜூஜுவாடி பக்கம் தினமும் ஷிஃப்ட்டுக்குப் போய் வருபவர் என்றால் உங்கள் டயரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நடுவில் பட்டன் தேய்ந்து சப்பையாகியிருக்கும். இரண்டு ஓரமும் கடையில் வாங்கிய நாள் மாதிரி புதுசாக இருக்கும். காரணம் ரொம்ப சிம்பிள். ஹைவேயில் நேராகவே போகிறீர்கள், சிக்னலில் பிரேக்கை அழுத்துகிறீர்கள், பச்சை விழுந்ததும் முறுக்குகிறீர்கள். எல்லாமே நடுப்பகுதியின் தலையில்தான் விழுகிறது.

சரி, அந்த டயரை அப்படியே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் தாண்டிப் போகும் ஓசூர் டிவிஎஸ் தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் மனிதர், ஒரு டயரை எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பதில் உங்களையும் என்னையும்விட அதிகம் மண்டையைக் குடைந்தவர்.

டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1877-ல் திருநெல்வேலி சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். டிவிஎஸ்ஸில் இருக்கும் 'டி' அந்த ஊர்தான். அப்பாவின் விருப்பத்துக்காக வக்கீல் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை. அப்புறம் வங்கி. இன்றைய கணக்கில் சொன்னால் மூன்றுமே வீட்டில் சந்தோஷமாகப் பெண் கொடுக்கும் வேலைகள். மூன்றையும் விட்டார். 1911-ல் மதுரையில் சொந்தக் கம்பெனி, 1912-ல் பஸ் சர்வீஸ்.

அந்த வருஷத்தை கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ரோடு என்றால் சரளைக்கல். அதில் ஓடுவது மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் வழியெங்கும் கிடக்கும். காற்றடைத்த ரப்பர் டயருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. இந்த ஆணிகளைப் பொறுக்குவதற்காகவே ரோட்டில் காந்தம் கட்டிய வண்டியை டிவிஎஸ் ஓட்டவிட்டது என்று ஒரு கதை உண்டு. டிவிஎஸ் பஸ் வரும் நேரத்தை வைத்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பது தென்மாவட்டங்களில் உங்கள் தாத்தா தலைமுறையைக் கேட்டால் இன்றும் சொல்லும் இன்னொரு கதை. கொஞ்சம் மிகையாகக்கூட இருக்கலாம். ஆனால், நடுவழியில் பஞ்சர் ஆகி நிற்கிற பஸ்ஸைப் பற்றி யாரும் அப்படிக் கதை கட்ட மாட்டார்கள் இல்லையா?

அவருக்கு உண்மையான சோதனை இரண்டாம் உலகப்போரில் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களும் அவர்கள் கைக்குப் போயின. பெட்ரோலும் இல்லாமல், புது டயரும் கிடைக்காமல் ஒரு பஸ் கம்பெனி என்ன செய்யும்? பலபேர் வண்டியை ஷெட்டில் நிறுத்தினார்கள். இவருடைய கம்பெனி 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' என்று ஒன்றைத் தயாரித்தது. பஸ்ஸோடு ஒரு உலையைப் பொருத்தி, கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. இழுவை குறையும், புகை வரும், டிரைவருக்குக் கூடுதல் வேலை. ஆனாலும் பஸ் ஓடும்.

டயருக்கு? ரீட்ரெடிங். அதற்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். ஒரு டயரில் முதலில் தேய்வது ரோட்டைத் தொடும் மேல்தோல் மட்டும்தான். உள்ளே இருக்கும் துணி அடுக்கும் பக்கச்சுவரும் நன்றாக இருந்தால், தேய்ந்த மேல்தோலைச் சுரண்டி, புது ரப்பரை ஒட்டி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்தால் டயருக்கு இன்னொரு ஆயுள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயரை மொட்டையாகும்வரை ஓட்டினால் உள்ளடுக்கு அடிபட்டுவிடும், அப்புறம் ரீட்ரெட் செய்ய முடியாது. அதாவது, சரியான நேரத்தில் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் டயர் மிச்சம்.

பஸ்ஸுக்கு இது சரி. பைக்குக்கு இந்த வேலை வேண்டாம் பாஸ்! பஸ் வளைவில் சாயாது, பைக் சாயும். ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. சாயும்போது அந்தத் தொடர்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர வேண்டும். உருண்டையான டயரில் அது வழுக்கிக்கொண்டு நகரும். நடுவில் சப்பையான டயரிலோ ஒரு விளிம்பு உருவாகியிருக்கும். முதலில் சாய மறுக்கும். அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். ஓசூர் - கிருஷ்ணகிரி நேர்ரோட்டில் இது தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்கும்போது, முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பயந்து பிரேக்கைப் பிடித்தால், திரும்பவும் நிற்கவும் சேர்த்து ஒரே உள்ளங்கை ரப்பரிடம் கேட்கிறீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது, ஓரம் எவ்வளவு புதுசாக இருந்தாலும்.

மீண்டும் மதுரைக்கு. வீட்டிலும் ஒரு பெரிய வளைவு வந்தது சுந்தரம் அய்யங்காருக்கு. மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் இளவயதில் இறந்துபோனார். அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் ஒரு விதவைப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சௌந்தரம் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1940-ல், காந்தியின் ஆதரவோடு, கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். சாதி வேறு, மொழி வேறு. இருவரும் 1947-ல் திண்டுக்கல் பக்கம் தொடங்கியதுதான் காந்திகிராமம். என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்தின் கதைகளில் பஸ்ஸைவிடப் பெரியது இதுதான்.

வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, 1955 ஏப்ரல் 28-ல் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அவர் பெயரில் ஒரு இருசக்கர வண்டி ரோட்டுக்கு வந்தது அதற்கு 25 வருஷம் கழித்து. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். மதுரையில் அவர் ஓட்டிய பஸ்கள் 1970-களின் தொடக்கத்திலேயே அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்விட்டன. அதே மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் குடும்பத்தின் இன்னொரு கிளை இன்று டூவீலர் டயர் செய்கிறது. உங்கள் பின் டயரின் பக்கச்சுவரைத் துடைத்துப் பார்த்தால், அந்த மூன்று எழுத்து அங்கேயும் இருக்கலாம்.