குத்தூசியும் ஆறு புள்ளிகளும்



போன வருஷம் ஒர்க்‌ஷாப்பில் டூல் பிட்டை கிரைண்டிங் வீலில் தீட்டிக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. ஒரு நிமிஷ வேலைதானே என்று போடவில்லை. சுருக்கென்று வலது கண்ணில் ஏதோ பட்டது. நண்பன் கர்ச்சீப் முனையால் எடுத்துப் பார்த்தான். வீட்டில் பாட்டி விளக்கெண்ணெய் விட்டார். இரண்டு நாள் கசக்கிக்கொண்டே திரிந்துவிட்டு மூன்றாம் நாள்தான் கண் டாக்டரிடம் போனேன். கருவிழியில் குத்தி நின்ற இரும்புத் துகளையும், அதைச் சுற்றிப் பிடித்திருந்த துருவையும் அவர் எடுத்தார். துகள் கண்ணைத் துளைத்து உள்ளே போயிருந்தால் இன்னொரு கண்ணுக்கும் ஆபத்து வந்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு கண்ணில் அடிபட்டால் இன்னொரு கண் எப்படிப் போகும்? எனக்குப் புரியவில்லை. நூலகத்தில் தேடினபோதுதான் லூயி பிரெயிலின் வாழ்க்கை கைக்குக் கிடைத்தது.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே என்ற கிராமத்தில் 1809 ஜனவரி 4 அன்று பிறந்தார் லூயி. அப்பா குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது, தோலில் துளை போடும் கருவி ஒன்று கை நழுவிக் கண்ணில் குத்திவிட்டது. குத்தூசி என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். காயம் சீழ் பிடித்தது. கொஞ்ச நாளில் நல்ல கண்ணும் சிவந்து மங்கியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயே போய்விட்டது!

காரணம் என்ன? கண்ணுக்குள் இருக்கும் சில புரதங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தி சாதாரணமாகச் சந்திப்பதே இல்லை. கண் துளைபடும்போது அவை வெளிப்படுகின்றன. எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியர் என்று நினைத்துத் தாக்கக் கிளம்புகிறது. அடிபடாத கண்ணிலும் அதே புரதங்கள்தானே இருக்கின்றன? அதையும் விடுவதில்லை. பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இது தலைகாட்டும். லூயிக்கு வந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது மருத்துவர்கள் பலரின் கருத்து.

அன்றைக்கு ஆன்டிபயாடிக் கிடையாது, ஸ்டீராய்டு கிடையாது. இன்றைக்குக் காயத்தை உடனே தைத்து மூடுகிறார்கள், சீழ் பிடிக்காமல் மருந்து தருகிறார்கள். மற்றக் கண்ணில் அழற்சி தொடங்கினால் ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் உண்டு. சீக்கிரம் போனால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

லூயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனாலும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1819-இல், பத்து வயதில், பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் சேர்ந்தார். அங்கே புடைத்த பெரிய எழுத்துக்களைத் தடவித்தான் படிக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகும். முன்னாள் ராணுவ அதிகாரி சார்லஸ் பார்பியே 12 புள்ளிகள் கொண்ட முறை ஒன்றை வகுத்திருந்தார். ஆனால் விரல் நுனி ஒரே தொடுகையில் அத்தனையையும் உணர முடியாது. லூயி அதை ஆறாகக் குறைத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. புள்ளி உண்டு அல்லது இல்லை என்று ஆறு இடத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 64 வடிவங்கள், வெற்றிடத்தைக் கழித்தால் 63. இதை உருவாக்கியபோது அவருக்கு வயது 15! 1829-இல் புத்தகமாகவே வெளியிட்டார்.

அந்தப் புள்ளிகளைக் காகிதத்தில் குத்த ஒரு கூரான முனை வேண்டும். கண்ணைக் கெடுத்த குத்தூசிக்கு அது தம்பி மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். காசநோய் வாட்டியது. 1852 ஜனவரி 6 அன்று, 43 வயதில் மறைந்தார். அவர் முறையைப் பள்ளி அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல்! 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் வந்தது. இன்று தமிழையும் அந்த ஆறு புள்ளிகளில்தான் விரலால் படிக்கிறார்கள்.

நண்பர்களே, மூன்று வயதுக் குழந்தைக்கு ஆபத்து தெரியாது. டிப்ளமோ படிக்கிற நமக்குத் தெரியாதா? கண்ணில் ஏதாவது குத்தினால் கசக்காதீர்கள், பிடுங்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடிக்கொண்டு அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆசிட் மாதிரி ரசாயனம் தெறித்தால் மட்டும், முதலில் நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு ஓடுங்கள்.

அதைவிட நல்லது, ஆணியில் தொங்கும் அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வது. நான் இப்போது போடாமல் வீல் பக்கமே போவதில்லை.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை