பாட்டி தந்த செல்வம்: மாக்சிம் கார்க்கியின் இளமை வாழ்வு

பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிமார் எல்லா நாட்டிலும் உளர். ஆயினும், அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த பேரன் ஒருவன் உலகம் போற்றும் எழுத்தாளனாகி, எழுத்தறியாத தன் பாட்டியையே அழியாத இலக்கிய மாந்தராக ஆக்கிய வரலாறு அரிதாகும். ரகுநாதனின் மொழிபெயர்ப்பால் தமிழர்க்கு அறிமுகமான 'தாய்' நாவலின் ஆசிரியராகவே மாக்சிம் கார்க்கியை நம்மில் பலர் அறிவோம். அவர்தம் 'குழந்தைப் பருவம்' என்னும் தன்வரலாற்று நாவலைப் பயில்வோர், அந்தத் தாய்க்கும் முன்னே ஒரு பாட்டி நின்றதைக் காண்பர். அவ்வழியே கார்க்கியின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

கார்க்கியின் இயற்பெயர் அலெக்சேய் பெஷ்கோவ். 1868ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள், வோல்கா ஆற்றங்கரையிலுள்ள நீழ்னி நோவ்கரத் நகரில் பிறந்தார். மூன்று வயதில் வாந்திபேதி நோய் அவரைப் பற்றியது. மகனைப் பேணிய தந்தை மாக்சிம் அந்நோய்க்கே இரையானார். நாவல் தொடங்குவதும் அத்தந்தையின் சடலத்தருகில்தான். மழை நாளில் தோண்டிய குழியில் இரண்டு தவளைகள் அகப்பட்டுக்கொள்கின்றன. சவப்பெட்டியோடு அவையும் மண்ணுள் புதைகின்றன. தந்தையை இழந்ததன் பொருள் விளங்காத சிறுவன், அத்தவளைகள் வெளியே வருமா என்று பாட்டியிடம் கேட்கிறான். சாவின் பொருளைக் குழந்தையுள்ளம் எங்ஙனம் முதன்முதல் தொட்டுணர்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தாய் வர்வாரா மகனுடன் பிறந்தகம் சேர்ந்தார். தாய்வழிப் பாட்டனார் வசீலி காஷிரின் இளமையில் வோல்காவில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கூலியாள். பின்னர்ச் சாயப்பட்டறைக்கு உரிமையாளரானவர். உழைப்பால் உயர்ந்தவரேனும் இரக்கம் வற்றியவர். மேசைவிரிப்பைச் சாயத்தில் தோய்த்த குற்றத்திற்காகப் பேரனை நினைவிழக்கும் வரை பிரம்பால் அடித்தார். மாமன்மாரோ சொத்துக்காகத் தம்முள் பூசலிட்டனர். அவ்விருண்ட இல்லத்தில் விளக்காய் நின்றவர் பாட்டி அக்குலீனா இவானோவ்னா.

அவர் சிறுமியாயிருந்தபோது ஊனமுற்ற தாயுடன் பிச்சையெடுத்தவர், பின்னர்ச் சரிகைப் பின்னல் வேலை கற்றவர், எழுத்தறியாதவர். எனினும் நூற்றுக்கணக்கான கதைகளும் பாடல்களும் அவர் நாவில் குடியிருந்தன. அவர் வெறும் கதைசொல்லியும் அல்லர். பட்டறை தீப்பற்றிய இரவில் ஆண்கள் திகைத்து நிற்க, வெடிக்கக்கூடிய அமிலம் இருந்த கலத்தை நெருப்பினுள் புகுந்து எடுத்து வந்தவர் அவரே. அத்தகையவர் கணவரின் அடிகளை வாய் திறவாது ஏற்றார். அவ்வீரத்தையும் அப்பொறுமையையும் ஒருங்கே காட்டும் கார்க்கி, முன்னதைப் போற்றுகிறார்; பின்னதை எண்ணி வருந்துகிறார்.

பாட்டனாரும் பாட்டியும் ஒரே கூரையின் கீழ் இறைவனை வணங்கினர். பாட்டனார் கண்ட இறைவன் குற்றம் தேடித் தண்டிப்பவன். பாட்டி கண்டவனோ எல்லா உயிர்க்கும் இரங்குபவன். மனிதரின் உள்ளம் எத்தகையதோ அத்தகையதாகவே அவர்தம் வழிபாடும் அமைகிறது என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் ஒருங்கே பயிலும் நம் மாணவர் இப்பகுதியை நின்று நிதானித்துப் படித்தல் வேண்டும்.

காலப்போக்கில் குடும்பம் நொடித்தது. முதுமையில் பாட்டனார் மனைவியுடன் செலவைப் பங்கிட்டு, தேயிலையைக்கூட எண்ணிப் பிரித்தார். பேரன் குப்பையில் கந்தலும் எலும்பும் பொறுக்கி விற்றுப் பாட்டியிடம் காசு கொடுத்தான். பள்ளியில் நன்கு பயின்றமைக்காக அவனுக்குப் புத்தகங்கள் பரிசாகக் கிடைத்தன. பாட்டியோ வீட்டில் நோயுற்றுக் கையில் காசின்றிக் கிடந்தார். சிறுவன் அப்புத்தகங்களை 55 கோபெக்குகளுக்கு விற்றுப் பணத்தைப் பாட்டியிடம் சேர்த்தான். பிற்காலத்தில் புத்தகங்களாலேயே வாழ்ந்த ஒருவர், முதன்முதல் பரிசாகப் பெற்ற நூல்களைப் பாட்டியின் பசிக்காக இழந்தார் என்பது நெஞ்சை உருக்குவதாகும்.

1879இல் தாய் காசநோயால் மறைந்தார். பதினொரு வயதுச் சிறுவனைப் பாட்டனார் பிழைப்புத் தேட வெளியே அனுப்பினார். காலணிக் கடை, வரைபடக்காரர் வீடு, நீராவிக் கப்பலின் சமையற்கட்டு, திருவுருவம் தீட்டும் பட்டறை எனப் பல இடங்களில் உழைத்தார். கப்பல் சமையற்காரர் ஸ்மூரி அவரைப் படிக்கத் தூண்டினார். 1884இல் பல்கலைக்கழகக் கனவுடன் கசான் நகர் சென்றவர்க்குக் கிடைத்தது ரொட்டிக் கடை வேலையே.

அங்கிருந்தபோது 1887இல் பாட்டியின் மரணச் செய்தி மடல் வழியே வந்தது. அடக்கம் முடிந்து ஏழு வாரங்கள் கடந்திருந்தன. கோயில் வாயிலில் பிச்சையெடுக்கையில் கீழே விழுந்து, கால் முறிந்து, மருத்துவமின்றி இறந்தார் அம்மூதாட்டி. அவர் இரந்து கொணர்ந்ததை உண்டு வாழ்ந்த இளம் பேரப்பிள்ளைகள் மருத்துவரை அழைக்கவும் முற்படவில்லை. பாட்டியின் பெருமையை எவரிடமேனும் சொல்ல ஏங்கிய கார்க்கிக்குக் கேட்பார் ஒருவரும் வாய்க்கவில்லை. மகனை இழந்த துயரைத் தன் குதிரையிடம் சொல்லும் வண்டிக்காரனைப் பற்றிய செகாவின் கதையைப் பின்னாளில் நினைவுகூர்ந்து, தமக்கு ஒரு குதிரைகூட இல்லையே என்று வருந்தினார். அவ்வாண்டின் இறுதியில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர் தப்பியதையும் நாம் அறிவோம்.

1892இல் திபிலீசி நகர்ச் செய்தித்தாளில் அவரது முதற்கதை வெளியானது. தந்தையின் பெயரோடு, கசப்பு என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்து மாக்சிம் கார்க்கி எனப் புனைபெயர் பூண்டார். காப்ரித் தீவில் வாழ்ந்த காலத்தில் எழுதத் தொடங்கிய 'குழந்தைப் பருவம்' 1913-14இல் செய்தித்தாளில் தொடராக வந்தது. 1887இல் கேட்பாரற்றுப் போன துயரை, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து உலகம் முழுதும் கேட்டது.

பெரியோர் வாழ்வை எழுதுங்கால் குறைகளை மறைத்தல் முறையன்று. பிரம்படியின் வலி அறிந்த அவரே, 1929இல் சொலவெத்ஸ்கி சிறைமுகாமைக் கண்டு பாராட்டி எழுதினார். கைதிகளின் உழைப்பில் உருவான கால்வாயைப் புகழும் 1934ஆம் ஆண்டு நூலின் பதிப்பாசிரியருள் ஒருவராகவும் இருந்தார். பாட்டி கற்பித்த இரக்கம் அங்கே பேசாதிருந்தது. 1936 சூன் 18இல் அவர் மறைந்தார். அவர் வளர்ந்த காஷிரின் இல்லம் 1938இல் அருங்காட்சியகமாயிற்று.

மாணவச் செல்வங்களே! இந்நாவலைத் தேர்வுக்காக மட்டும் படித்து மூடிவிடாதீர். எழுத்தறியாத ஓர் உம்மம்மாவோ பாட்டியோ சொன்ன கதைகள் உங்கள் செவியிலும் உறையக்கூடும். அவர்கள் இருக்கும்போதே அருகமர்ந்து கேளுங்கள். கேட்டவற்றை எழுதி வையுங்கள். காலங்கடந்து வரும் மடலுக்காகக் காத்திராதிருப்பதே, கார்க்கியின் வாழ்விலிருந்து நாம் பெறும் தலையாய பாடமாகும்.